சோலைவரிக்குப் பயந்து மாடியில் கட்டிய ஆடு

நான்கு ஐந்து வருடங்களுக்கு முந்திய கதை. மாரி மழை விட்டு, எல்லா வீட்டு மதிலிலும் ஈரப் பாய்கள் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம். இடம், கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிற எங்கள் சாய்ந்தமருது. எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே ஒரு வீட்டில் தும்மி 'அல்ஹம்துலில்லாஹ்' சொன்னால், மூன்றாவது வீட்டிலிருந்து 'யர்ஹமுகல்லாஹ்' என்று பதில் வரும். அவ்வளவு நெருக்கமான ஊர். அதை நான் மறந்துபோன ஒரு காலை நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு சின்ன ஹாட்வெயார் கடை இருக்கிறது. சீமெந்து, கம்பி, பெயின்ட், பைப் எல்லாம் விற்பேன். ஆனால் சாமான் வாங்க வருகிறவர்களை விடக் கதை கேட்க வருகிறவர்கள்தான் கூட. ஒரு பகிடி விட்டுச் சிரிக்க வைக்காமல் நான் ஒரு ஆணி கூட நிறுத்துக் கொடுத்ததில்லை. மரணம் நடந்த மையத்து வீட்டுக்குப் போனால் என் மனைவி முன்கூட்டியே கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்புவாள், வாயைத் திறக்க வேண்டாம் என்று. இதையெல்லாம் ஒரு பட்டம் மாதிரி நான் சுமந்து திரிந்த காலம் அது.

நாங்கள் இருப்பது என் மனைவியின் வீட்டில். எங்கள் பகுதி வழக்கம் அப்படி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் எந்த மூலையிலும் என் பெயர் கிடையாது. ஆனாலும் ஊருக்குள் 'என்ட ஊடு, என்ட ஊடு' என்று நான்தான் கூடச் சத்தம் போடுவேன்.

வீடு நிற்கிற அந்த வளவு வந்த வழியையும் சொல்ல வேண்டும். சுனாமியில் என் மாமனாரின் பழைய வீடு சுவர் விழுந்து நாசமானது. ஆட்கள் தப்பியது அல்லாஹ்வின் காவல். அவர் மௌத்தான பிறகு வளவில் என் மனைவிக்கு ஒரு பங்கென்றால், மார்க்கப்படி அவளுடைய தம்பிக்கு இரண்டு பங்கு. அதாவது என் மச்சானுக்கு. அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. தன் பங்கு முழுவதையும் ராத்தாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, தன் மனைவி ஊரான நாவிதன்வெளிப் பக்கம் போய் வயல் செய்கிறார். நொத்தாரிசு வீட்டில் கையெழுத்து வைத்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "பொம்புளப் புள்ள இரிக்கிற ராத்தாக்குத்தான் வளவு வேணும்." அந்தப் பிள்ளை என் ஒரே மகள்.

அந்த மகளுக்காகத்தான் நாங்கள் வீட்டுக்கு மேல் மாடியாக ஒரு மேல்தட்டுப் போட்டோம். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் எங்கள் ஊரில் கலியாணப் பேச்சே எழும்பாது. இந்தக் காலத்து மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். சீதனம் ஒன்றும் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு வீடு இருந்தால் போதும் என்பார்கள். கடலைக் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் தந்தால் போதும் என்கிற மாதிரி.

மேல்தட்டுக்குப் பெயின்ட் காய்ந்ததும் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரில் ஆசிரியர். என் மகளும் ஆசிரியை. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் இருவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கிறார்கள். மகளிடம் கேட்டபோது "உங்கட விருப்பம் வாப்பா" என்றாள். அன்றைக்கு அவள் ஊற்றித் தந்த தேநீரில் இரண்டு தரம் சீனி விழுந்திருந்தது. அவளுடைய விருப்பம் எங்களுக்கு அதிலேயே விளங்கிவிட்டது. இனி அவர்கள் வந்து வீட்டைப் பார்த்து நாள் குறிப்பதுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்துத்தான் மாநகர சபையிலிருந்து வீடுகளுக்குப் புதிதாகப் பெறுமதி போடுகிறார்கள், ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார்கள் என்ற கதை வந்தது. வீட்டுக்கும் வளவுக்கும் நாங்கள் கட்டுகிற வரிக்குச் சோலைவரி என்று பெயர். ஒரு முருங்கை மரம் நடக் கூட இடமில்லாத ஊரில் சோலைவரி. இந்தப் பகிடியை நான் கடையில் எத்தனை தரம் விட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வரி என்றால் என்ன, எதை வைத்துப் போடுகிறார்கள், கூடிவிட்டால் என்ன செய்யலாம் என்று ஒரு நாளாவது சபைப் பக்கம் போய்க் கேட்டேனா என்றால், இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை வாசலில் படித்த பாடம்தான். ஆள் வரும்போது வீட்டைக் குறைத்துக் காட்ட வேண்டும். வீடு எவ்வளவு பாழாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு வரி குறையும். இதைச் சொன்னவர்களில் ஒருவர் கூட அப்படிக் குறைத்துக் காட்டியவர் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் ஏற்பாட்டில் இறங்கினேன். குளிரூட்டியின் வெளிப்பெட்டியை நெல் சாக்கால் மூடினேன். முன் விறாந்தையில் கிழிந்த மீன் வலை ஒன்றைத் தொங்கவிட்டேன். கடையிலிருந்து பழைய தகரங்களைக் கொண்டுவந்து புதுச் சுவரில் சாத்தினேன். கடைசியாக, பின் வீட்டுக்காரரின் ஆட்டை இரவல் வாங்கி, படியேற மறுத்த அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் கட்டினேன். மேல்தட்டு மனிதர் இருக்கிற இடமில்லை, ஆட்டுக் கொட்டில் என்று காட்டுவதுதான் திட்டம். என் மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மாப்பிள்ளை இரிக்கப்போற எடத்துல ஆட்டக் கட்டுறீங்க. நல்லா இரிக்கு."

"ரெண்டும் ஒண்டுதான் புள்ள. ரெண்டுக்கும் நேரத்துக்குத் தீனி போடணும்" என்றேன். மகள் உள்ளே சிரித்தது கேட்டது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்ட கடைசி நாட்களில் அது ஒன்று என்று அப்போது தெரியாது.

பகல் பத்து மணிபோல உத்தியோகத்தர் வந்தார். காரைதீவுப் பக்கத்துத் தமிழ் ஆள். அமைதியான மனிதர். நாடாவால் முன்பக்கத்தை அளந்தார். நான் பின்னாலேயே நடந்து என் நாடகத்தைத் தொடங்கினேன். கூரை ஒழுகுது என்றேன். நிலம் இறங்குது என்றேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று பக்கத்து வீட்டுப் பெண். மற்றது நான் முன்பின் காணாத ஒரு நடுத்தர வயதுப் பெண், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது முகம் ஒன்றைக் கண்டால் என் நாக்கு சும்மா இராது. அதுவரை உத்தியோகத்தருக்காகப் பேசியவன், அதற்குப் பிறகு மதிலுக்காகப் பேசத் தொடங்கினேன். குரலையும் உயர்த்தினேன்.

மேல்தட்டுக் கொங்கிரீட்டில் சீமெந்தை விட மண்தான் கூட, நான் கடைக்காரன், எனக்குத் தெரியாதா என்றேன். அத்திவாரம் சுனாமித் தண்ணீர் அரித்தது, எந்த மாரியில் உட்காருமென்று சொல்லேலாது என்றேன். மேலே ஆடு கத்தியது. "பாருங்க சேர், அதுக்கே பயம்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தார். புதுப் பெண் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒரு சவால் மாதிரி ஆகிவிட்டது. அவரைச் சிரிக்க வைத்தே தீருவது என்று, கைவசம் இருந்ததில் பெரியதை எடுத்து விட்டேன்.

"ஊடுதான் இப்புடி எண்டா உறுதி அதவிட மோசம் சேர். என்ட மச்சான் பங்கு கேட்டு நிக்கிறாரு. நாளைக்கு வந்து எங்கள ஆட்டோட சேத்து எறக்கி உட்டாலும் உடுவாரு."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உத்தியோகத்தர் எழுதி முடித்துவிட்டு, எங்கள் ஊர் முறையில் அண்ணன் என்கிற மாதிரிக் காக்கா என்று கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னார்: "காக்கா, உறுதியில வழக்கிருந்தாலும் இல்லாட்டியும் வரி வீட்டுக்குத்தான். இந்த வீட்ட வாடகைக்குக் குடுத்தா வருசத்துக்கு என்ன வரும் எண்டுதான் நாங்க பாக்கிற. மேல இருக்கிற ஆடு மாசம் எவ்வளவு தருது?"

வாழ்க்கையில் முதல்தடவையாக என் பகிடியை வேறொருவர் எனக்கே திருப்பி விட்டார். அவர் விளக்கமும் சொன்னார். அறிவித்தல் வரும், பெறுமதி கூடிவிட்டது என்று நினைத்தால் அதில் சொல்லியிருக்கிற தவணைக்குள் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம், கூப்பிட்டு விசாரிப்பார்கள். முழு வருடத்து வரியையும் ஜனவரிக்குள் ஒரேயடியாகக் கட்டினால் வரியில் ஒரு பங்கைக் கழித்தும் விடுவார்கள். இதற்கெல்லாம் ஆடு தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் தூக்கிய ஆட்டை இறக்கும்போது எனக்கே விளங்கியது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை பகுதியிலிருந்து சத்தத்தைக் காணவில்லை. இன்றைக்கு வருவார்கள், வெள்ளிக்கிழமை வருவார்கள் என்று என் மனைவி வருகிறவர்களுக்கு வட்டிலப்ப இனிப்புச் செய்யக் கித்துல் கருப்பட்டி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். பிறகு போய்க் கொப்பிகளைத் திருத்துவாள்.

பொறுக்க முடியாமல் என் மனைவி பக்கத்து வீட்டில் போய் விசாரித்தாள். திரும்பி வந்து குசினிக்குள் உட்கார்ந்துவிட்டாள். மதிலுக்கு மேலால் பார்த்த அந்தப் பெண் மாப்பிள்ளையின் மாமியாம். நாள் குறிக்க வருவதற்கு முன்னால் பெண் வீட்டைச் சத்தமில்லாமல் பார்த்துவர ஒரு பெண்ணை அயலுக்கு அனுப்புவது எங்கள் ஊர்களில் நடக்கிறதுதான். நாங்களும் அனுப்பியிருக்கிறோம். அவர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்காரனே சத்தம் போட்டுச் சொன்னான். மாடியில் சாட்சிக்கு ஆடும் நின்றது.

"ஊட்டப் பத்திச் சொன்னதக் கூட உடுவன். என்ட தம்பியப் போய்ச் சொல்லிரிக்கீங்களே" என்றாள் என் மனைவி. வாங்கி வைத்த கருப்பட்டியை எடுத்து டின்னுக்குள் போட்டு மூடினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மச்சானைத் தேடிப் போனேன். நெல் வெட்டுக் காலம். வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரம்பில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். இரைச்சலில் பாதி கேட்டிருக்காது என்று எனக்குள் ஒரு ஆசை. எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் சேற்றுக் காலைக் கழுவினார், சட்டையை மாற்றினார், அறுவடையை மகனிடம் பாரம் கொடுத்துவிட்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். உறுதியின் பிரதியை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். தேநீர் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா என்னைவிட வயதில் கூடியவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். மச்சான் தன் வாயாலேயே சொன்னார், வளவில் தனக்கு ஒரு சதங்கூட உரிமை இல்லை, தான் கேட்டதும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை என்று. நான் உறுதியை நீட்டினேன். நான் சொன்னதெல்லாம் வரியைக் குறைக்கச் சொன்ன பகிடி என்றேன். கொங்கிரீட் என் கடையின் முதல்தரச் சீமெந்து என்று சத்தியம் பண்ணாத குறை.

அவர் உறுதியை வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"தம்பி, உங்கட பகிடி ஊருக்கே தெரியும். நாங்களும் சிரிச்சிரிக்கம். ஆனா அண்டைக்குச் சொன்னது பகிடியா, இண்டைக்குச் சொல்றது பகிடியா எண்டு நாங்க எப்புடிக் கண்டுபுடிக்கிற? வரிக்குப் பயந்து சொந்த மச்சான்ட பேரையே கெடுக்கிற ஊட்டுக்கு எங்கட புள்ளய அனுப்ப மனசு வரல்ல. குறை நினைக்காதீங்க."

மச்சான் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு எழும்பினார். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வழியில் கிட்டங்கிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார், "நான் பங்கு கேட்டு நிக்கிறன் எண்டு சொல்லக்குள்ள, என்ட முகம் ஒருக்கா உங்கட கண்ணுக்குள்ள வரல்லியா?"

வரவில்லை. அதுதான் உண்மை. என் கண்ணுக்குள் இருந்தது மதிலுக்கு மேலே சிரிக்காமல் நின்ற ஒரு முகம் மட்டும்தான். 

சில மாதங்கள் கழித்துச் சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. நான் பயந்து நடுங்கிய வரி, பழையதை விட வருடத்துக்குக் கூடியிருந்தது இரண்டு மூட்டைச் சீமெந்துக் காசு கூட இல்லை. நான் சொன்ன ஒழுக்கும் நிலம் இறங்கினதும் வழக்கும் அதில் ஒரு சதத்தையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அந்த மனிதர் கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறார். காதால் கேட்டதை எழுதிக்கொண்டது மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.

கடையிலும் ஒரு விளைவு இருந்தது. கொங்கிரீட்டில் மண் கலந்தவன் என்ற கதை எப்படியோ வீதிக்கு வந்துவிட்டது. சீமெந்து வாங்க வருகிறவர்கள், "காக்கா, இது உங்கட மேல்தட்டுக்குப் போட்டதா, நல்லதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அந்தக் கடையில் சிரிப்பைப் பழக்கியவன் நான்தானே.

மகள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அழுததையும் நான் காணவில்லை. அந்த ஆசிரியருக்கு வேறிடத்தில் முடிந்த செய்தி வந்த அன்று, அவள் மேல்மாடிக்குப் போய், ஆடு கட்டியிருந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அந்த இடம் அதற்கு முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. நான் படிக்கட்டில் நின்று தண்ணீர் வழிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வருடமே அவளுக்கு வேறொரு நல்ல சம்பந்தம் அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். மச்சான்தான் முன்னுக்கு நின்று எல்லாவற்றையும் பேசி முடித்தார். எனக்கு அந்தப் பேச்சில் வாய் திறக்க அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. மருமகன் தங்கமான பிள்ளை. அவர்கள் மேல்தட்டில் இருக்கிறார்கள். இப்போது ஒரு பேரனும் இருக்கிறான், படிகளில் ஆட்டைவிட வேகமாக ஏறுவான். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

ஆனால் மகளிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும், மழை வருகுது என்றாலும், கரண்ட் போகப்போகிறதாம் என்றாலும், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்: "மெய்யா வாப்பா, பகிடியா?" குத்திக் காட்டக் கேட்பதில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறாள்.

இப்போதெல்லாம் ஜனவரி பிறந்ததும் சபைக்குப் போய் முழு வருடத்து வரியையும் நானே கட்டிவிடுவேன். இந்த வருடமும் கட்டினேன். வீட்டுக்கு வந்தபோது மகள் விறாந்தையில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டேன், இத்தனை வருடம் தொண்டைக்குள் வைத்திருந்ததை. "மகள், அந்த முதல் சம்பந்தம் என்ட வாயாலதான் போன. அத நினைச்சா எனக்கு இன்னும் நித்திரை வாறல்ல. வாப்பாவ மன்னிச்சிரு மகள்."

அவள் சோற்றுக் கையோடு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மெய்யா வாப்பா," என்று கேட்டாள், "பகிடியா?"

வீட்டுக்குப் போட்ட பெறுமதி பிழையென்றால் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கச் சபையில் ஒரு இடம் இருக்கிறது. என் பேச்சுக்கு என் மகள் போட்டு வைத்திருக்கிற பெறுமதிக்கு எங்கே போய் எழுதிக் கொடுப்பது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.